ஆரஞ்சுச் சுளை நிபுணர்

ஆரஞ்சைக் காம்புப் பக்கம் உரிக்கக் கூடாது. அடியில் கட்டைவிரலை அழுத்தி, தோல் ஒரே பூவாக விரியும்படி உரித்து, நாரை ஒவ்வொன்றாக எடுத்து, சுளைகள் குலையாமல் உள்ளங்கையில் நிறுத்த வேண்டும். மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து குட்சுகாகே அப்படித்தான் செய்வார். பிறகு பல்குத்தும் குச்சியை உயர்த்துவார்.

"இதுதான் கார்பன் கதிருன்னு வச்சுக்குங்க. தோலைத் தொடாது, பக்கத்துச் சுளையைத் தொடாது. நேரா உள்ள போயி கட்டியில மட்டும் வெடிக்கும்."

குத்திய சுளையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வார். "கட்டி போச்சா?"

பக்கத்துச் சுளையும் கிழிந்திருக்கும். அதை யார் கேட்கிறார்கள்?

டாக்டரின் அறைக்கு வெளியே எப்போதும் இன்னொரு டாக்டர் உட்கார்ந்திருப்பார், கவனித்திருக்கிறீர்களா? வெள்ளைக் கோட்டு கிடையாது, தயக்கமும் கிடையாது. ஜப்பானில், கன அயனிக் கதிர்வீச்சு தரும் எங்கள் குன்மா மருத்துவமனையில் இந்த இனம் நன்றாகச் செழிக்கிறது. கட்டடத்துக்குள்ளேயே வட்டப்பாதை போட்டு, கார்பன் துகளை ஒளிக்குப் போட்டியாக விரட்டி, புற்றுநோய்க் கட்டியின் மேல் பாய்ச்சுகிற இடமாயிற்றே. சிகிச்சை முடிந்தவரெல்லாம் பாதி விஞ்ஞானியாகத்தான் வெளியே வருகிறார்கள். மீதிப் பாதி? அதுவும் விஞ்ஞானிதான் என்பது அவர்கள் எண்ணம்.

ஹனாவா கொன்னியாக்குக் கிழங்கு பயிரிடுகிறவர். இடுப்பெலும்பில் கட்டி. அறுத்து எடுத்தால் ஒரு கால் இழுத்துக்கொள்ளும், வயலை மறந்துவிட வேண்டியதுதான். கார்பன் என்றால் கால் தப்பும். ஆனால் கட்டி குடலை ஒட்டியிருந்தது. "முதலில் வயிற்றைத் திறந்து நடுவே ஒரு தடுப்பு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் குடல் ஓட்டையாகிவிடலாம், யோசித்துவிட்டு வாருங்கள்" என்று டாக்டர் வெளியே அனுப்பினார்.

வெளியேதான் அந்த இன்னொருவர் இருக்கிறாரே.

"கத்தியா!" குட்சுகாகே பதறிப்போனார். "கத்தி வேணாம்னுதானே கார்பனுக்கு வர்றோம்! அவங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க, ஹனாவா சான். முடியாதுன்னு அடிச்சுச் சொல்லுங்க. நான்லாம்..."

"நீங்கள்லாம்?" என்றாள் ஹனாவாவின் மனைவி செட்சுயோ.

"நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன்!"

ஊசி போடும்போதே சுவரைப் பார்க்கிற ஆள் ஹனாவா. 'முடியாது' என்று சொல்ல எழுந்தே விட்டார்.

"உக்காருங்க." செட்சுயோ சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அவரு காட்டுனது ஆரஞ்சு. ஆரஞ்சுக்குக் குடல் உண்டாங்க?"

குட்சுகாகே அடுத்த பழத்தை எடுத்தார்.

தடுப்பு வைத்தார்கள், கார்பனும் கொடுத்தார்கள். மறு வருடம் ஹனாவா இரண்டு காலையும் ஊன்றிக் கிழங்கு தோண்டினார். அறுவடை முடிந்து குசாட்சு வெந்நீர் ஊற்றுக்குப் போனால், தொட்டியிலிருந்து எழுந்து வருகிறார் குட்சுகாகே. தலையில் மடித்த துண்டு. மற்றபடி பிறந்த மேனி. தொப்புளுக்குக் கீழே நீளமாக ஒரு பழைய தழும்பு. ஹனாவா குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். அச்சு அசல்.

"குட்சுகாகே சான், உங்களுக்கும் தடுப்பு வச்சாங்களா?"

"ஆமா. ஆனா அதைப் போயி ஆபரேஷன்னு சொல்லுவாங்களா? ஒரு சின்ன ஏற்பாடுங்க."

சிரிக்கிறீர்களா? போன வாரம் யாருக்கோ ஒரு வைத்தியம் சொன்னீர்களே, அவ்வளவு உறுதியாக? சட்டையைக் கொஞ்சம் தூக்குங்கள், பார்ப்போம்.