கேட்மேன் சஸ்பெண்ட்!

உலகத்திலேயே மழைக்கு நிற்காத, புயலுக்குக் கலங்காத, கூட்டத்துக்குத் திணறாத ஒரே ரயில்வே கேளம்பாக்கத்தில் இயங்குகிறது. வருஷத்தின் முந்நூற்று அறுபத்தைந்து நாளும், குளுகுளு வசதியோடு. இத்தனை சிறப்புக்கும் காரணம் ஒன்றே ஒன்றுதான். அதில் பயணிகள் கிடையாது.

அந்த நிறுவனத்தின் பெயர் கிழக்குக் கடற்கரை உள்ளரங்க ரயில்வே. நிறுவனர், தலைவர், பொது மேலாளர், பிரதம டிரைவர் எல்லாமே திருநாவுக்கரசுதான். அணுபுரத்தில் குடியிருந்து முப்பத்திரண்டு வருஷம் அணுமின் நிலையத்தில் உத்தியோகம் பார்த்தவர். ஒரு சுவிட்சைத் தொட பதினோரு கையெழுத்து கேட்கும் உத்தியோகம். ஓய்வு பெற்று கேளம்பாக்கம் ஃப்ளாட்டுக்குக் குடிவந்த அன்றே, இனி யாரையும் கேட்காமல் திருகுவதற்கு ஒரே ஒரு குமிழாவது வேண்டும் என்று அவர் மனசு ஏங்கியது.

ஏக்கம் வீண்போகவில்லை. குடியிருப்போர் சங்கத்தின் க்ளப் ஹவுஸ் ஹால் மொத்தமும் அவர் வசமாயிற்று. டேபிள் டென்னிஸ் மேஜை மொட்டைமாடிக்குப் போனது. யோகா வகுப்பு மட்டும் போக மறுத்ததால், தரையில் முளைத்த குட்டிப் பரனூருக்கும் குட்டிச் சிங்கப்பெருமாள்கோவிலுக்கும் இடையே ஒதுக்கி இடம் கொடுத்தார்கள். "சவாசனம் செய்வோர் தண்டவாளத்தில் தலை வைக்கக் கூடாது" என்று எச்சரிக்கைப் பலகையும் உண்டு.

இது சின்னப் பிள்ளைகள் சாவி கொடுத்து விளையாடும் சமாச்சாரம் என்று யாராவது நினைத்தால் அது அவர்களுடைய அறியாமை. இங்கே ஒரு இன்ஜின் ஆறு கிலோ. ஒரு மனிதர் மூன்று அங்குலம். செங்கல்பட்டு ஜங்ஷன், நீலக் கண்ணாடியில் கொளவாய் ஏரி, திருக்கழுக்குன்றம் மலை, கடைசியில் நிஜ ரயில் இன்றுவரை எட்டிப்பார்க்காத மாமல்லபுரம். அங்கே கடற்கரைக் கோயில் அசல் கருங்கல். மாமல்லபுரத்துச் சிற்பி செதுக்கியது.

ரயில்வேயின் முதல் விதி: "உள்ளது உள்ளபடி." புதிதாக ஒரு மரமோ மனிதரோ வைத்தால், தலைவர் அதைப் பார்வையிட்டு, பெரிய பதிவேட்டில், பச்சை மையில், 'உள்ளது உள்ளபடி இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து இல்லாத பொருள் அன்றே அகற்றப்படும். ஜெர்மனியிலிருந்து வந்த கேட்மேன் பொம்மைகூட, தொப்பி சுரண்டப்பட்டு, மீசை வரையப்பட்டு, நெற்றியில் திருநீறு பூசப்பட்ட பிறகுதான் மாமல்லபுரம் ரயில்வே கேட்டில் பணியமர்த்தப்பட்டது.

வரைந்தவன் பூபாலன். அச்சரப்பாக்கத்துக்காரன். சங்கத்தின் கான்ட்ராக்ட் எலக்ட்ரீசியன். தண்டவாளம் போட்டது, ஒயர் இழுத்தது, மலை கட்டியது எல்லாம் அவன் கை. மற்றவை அனைத்தும் தலைவரின் சாதனை. க்ளப் ஹவுஸுக்குப் பின்னால் ஒற்றை அறையில் மனைவி ஜாக்குலினோடும், ப்ளஸ் டூ படிக்கும் மகள் ஜாய்ஸோடும் இருந்தான். வேலை இருக்கும்வரை அறை இருக்கும்.

இந்த நிலையில்தான் ஜெபசிங் வந்தார். அகில இந்திய பெருவடிவ மாதிரி ரயில் பொழுதுபோக்காளர் பேரவையின் தலைமை ஆய்வாளர். அவர் தலையசைத்தால் இந்த ரயில்வேக்கு 'மண்டலம்' அந்தஸ்து. தலைவர் ஒரு வாரமாகத் தூங்கவில்லை.

ஆய்வு ஓட்டம் அமோகமாக ஆரம்பித்தது. தத்ரூபத்துக்காக, வண்டி பரனூருக்கு வெளியே சிக்னல் கிடைக்காமல் பதினெட்டு நிமிஷம் நின்றது. முதல் ஐந்து நிமிஷம் ஜெபசிங் மெய்சிலிர்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, நீலத் தார்ப்பாயால் ஆன வங்கக் கடலுக்கு அப்பால் மதிய விருந்துக்காக ஆவி பறந்த சாம்பார் அண்டாவைப் பார்த்தார்.

"இதோ, லேட்டை மேக்கப் பண்ணிடறேன் சார்!" என்று தலைவர் வேகக் குமிழைப் பிடித்தார்.

"சார், வேணாம் சார்," என்றான் பூபாலன். "மகாபலிபுரம் வளைவுல ஜாயிண்டு ஆடிகினு கீது. மூணு தபா புக்குல எழுதிக்கீறேன். இருபதுக்கு மேல வெக்காதீங்க."

"இருபதாவது, முப்பதாவது! வந்திருக்கறது யாரு தெரியுமா?"

"யாரா இருந்தா இன்னா சார், ஜாயிண்டுக்குத் தெரியாதே."

தலைவர் குமிழைக் கடைசிவரை திருகினார். பதினோரு கையெழுத்து இல்லாமல்! அந்தச் சுகத்தில் அவர் கண் செருகியது. அது திறப்பதற்குள் ஆறு கிலோ இன்ஜின் வளைவை மதிக்காமல், கோயிலைத் தாண்டி, கடலைக் கடந்து, சாம்பாரில் இறங்கியது. ஜெபசிங்கின் வெள்ளைச் சட்டையில் ஒரு முழு முருங்கைக்காய்.

யோகா வகுப்பு மூச்சை வெளியே விட்டது.

ஜெபசிங் முருங்கைக்காயை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, "விபத்து நடக்கலாம். நடக்கணும். ஆனா மண்டலம்னா விசாரணை நடத்தத் தெரியணும். மூணு நாள்ல ரிப்போர்ட் வேணும். யாராவது ஒருத்தர் மேல பொறுப்பு விழுந்திருக்கணும்," என்று சொல்லிச் சட்டையைத் துடைத்தார்.

உடனே விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. விபத்தை மிக அருகிலிருந்து பார்த்தவர் என்ற தகுதியில் தலைவரே குழுத் தலைவரானார். உறுப்பினர்-செயலர், மூன்றாவது மாடி நிதின். ஐ.டி. கம்பெனியில் தினமும் நாலு மீட்டிங் நடத்தும் அனுபவசாலி.

"பூபாலன், விபத்து நடந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டார் தலைவர்.

"ஒங்க பக்கத்துலதான் சார்."

"என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"வேணாம் சார், வேணாம் சார்னு சொல்லிகினு இருந்தேன்."

நிதின் லேப்டாப்பில் தட்டினான்: 'ஓட்டுநரின் கவனத்தைச் சிதறடித்தார்.'

"மூணு தபா புக்குல எழுதினேனே சார்?"

பதிவேடு வரவழைக்கப்பட்டது. எழுதித்தான் இருந்தது. ஆனால் நீல மையில். பச்சை மையில் இல்லாததைத் தலைவர் படிக்க விதியில் இடமில்லை என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது.

"அங்கிள், குமிழ் ஆங்கிள் ஒண்ணு இருக்கு..." என்று நிதின் இழுத்தான்.

"அது எதுக்குப்பா?" என்றார் தலைவர். எதுக்கு என்று தெரியாததால் குமிழ் விசாரணையிலிருந்து விடுவிக்கப்பட்டது.

மூன்றாம் நாள் முடிவுரை தயாரானது: 'சம்பவ இடத்தில் பணியிலிருந்தோரில் கடைநிலை ஊழியரே பொறுப்பு.'

"அப்ப பூபாலன் அண்ணன்தான்," என்றான் நிதின். "கான்ட்ராக்ட். சஸ்பெண்ட் கூட வேண்டாம். நாளையிலேர்ந்து வராதீங்கன்னா போதும்."

ஜன்னலுக்கு வெளியே ஜாய்ஸ் பள்ளிக்கூடப் பையோடு அறைக்குள் போவது தெரிந்தது. தலைவர் பேனாவைத் திறந்தார். மூடினார். மண்டலத்தை நினைத்துக்கொண்டு மறுபடியும் திறந்தார்.

பூபாலன் ஜன்னலைப் பார்த்தான், பேனாவைப் பார்த்தான். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"கடைநிலைன்னா நான் இல்ல சார். எனக்கும் கீழ ஒருத்தர் கீறாரு."

"யாரு?"

பூபாலன் மாமல்லபுரம் போய்த் திரும்பினான். உள்ளங்கையில் மூன்று அங்குல கேட்மேன்.

"கேட்டாண்ட இவருதான் டூட்டி. வண்டி அந்த ஸ்பீடுல வரசொல்லோ செவப்புக் கொடி காட்னாரா? பச்சையப் புடிச்சிகினு நின்னாரு. ஆக்சிடெண்ட் ஆனதும் ஓடியாந்தாரா? அசையல. வேணும்னா நீங்களே கேளுங்க சார்."

தலைவர் கேட்மேனைப் பார்த்தார். "உன் தரப்பில் ஏதாவது சொல்ல விரும்பறியா?"

கேட்மேன் ஒன்றும் சொல்லவில்லை.

"மௌனம்!" என்று நிதின் துள்ளினான். "ஒப்புதல் வாக்குமூலம் அங்கிள்!"

கேட்மேன் அன்றே முப்பது நாள் சஸ்பெண்ட் செய்யப்பட்டு, தலைவரின் மேஜை இழுப்பறையில் வைக்கப்பட்டார். பூபாலன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஜாயிண்டை முறுக்கப் போனான். அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் செய்தியைக் கேட்ட சகுந்தலா, திருநாவுக்கரசின் மனைவி, மோர் ஊற்றிக்கொண்டே, "நல்லவேளைங்க, அவனாவது பிளாஸ்டிக்," என்றாள்.

ஜெபசிங்கின் கடிதம் ஒரு மாதத்தில் வந்தது. மண்டலம் அந்தஸ்து வழங்கப்பட்டது! விசாரணைக்குப் பத்துக்குப் பத்து. 'இவ்வளவு தத்ரூபமான அறிக்கையைப் பெரிய ரயிலிலும் கண்டதில்லை' என்று பாராட்டு. ஒரே ஒரு குறை: கேங்மேன், கேட்மேன், ஸ்டேஷன் மாஸ்டர் எல்லோருக்கும் பொம்மை இருக்கிறது, தலைவருக்கு இல்லை. பதினைந்து நாளுக்குள் தலைவர் நிறுவப்படாவிட்டால் அந்தஸ்து ரத்து.

தலைவர் தரையில் நடக்கவில்லை. "பூபாலா, அச்சு அசலா என்னை மாதிரியே இருக்கணும். ஆபீஸ் பண்ற போஸ்ல. ஒண்ணும் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். உள்ளது உள்ளபடி!"

"ஷூரா சார்?"

"ஷூர்டா!"

பூபாலன் எம்சீலைப் பிசைந்து, எனாமல் பெயிண்ட் வாங்கி, பதினாலு நாள் எடுத்துக்கொண்டான். கெடுவின் கடைசி நாள் திறப்பு விழா. குடியிருப்பே திரண்டது. தண்டனைக் காலம் முடிந்து கேட்மேனும் மாலையோடு கேட்டுக்குத் திரும்பியிருந்தார். தலைவர் பட்டுத்துணியை இழுத்தார்.

மூன்று அங்குலம். அதே தொப்பை, அதே வழுக்கை, மூக்கோரம் அதே மச்சம். வலது கை குமிழில். குமிழ் கடைசிவரை திருகியிருந்தது. கண் செருகி, முகம் அன்றைய அதே பரவசத்தில் இருந்தது. இரண்டு காதிலும் துளித்துளி பஞ்சு. இடது கையின் ஆட்காட்டி விரல் நீண்டு, கீழே கேட்மேனை நேராகச் சுட்டியது.

யோகா வகுப்பு மூச்சை உள்ளே இழுத்தது, வெளியே விடவில்லை.

"மச்சம்கூட விட்டுப்போகலைங்க," என்றாள் சகுந்தலா.

தலைவர் குனிந்து பூபாலன் காதில் கிசுகிசுத்தார். "அந்த இடது கையைக் கொஞ்சம் கீழ இறக்க முடியாதா?"

"எம்சீலு சார். காஞ்சா எறங்காது."

"புதுசா ஒண்ணு?"

"இன்னிக்கி கடேசி நாளாச்சே சார்."

பூபாலனை அந்த நிமிஷமே வேலையை விட்டு அனுப்பிவிடலாம்தான். ஆனால் மண்டலத்தில் யாரை அனுப்பினாலும் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். எழுதினால், 'பொம்மை என்னைப் போலவே இருக்கிறது' என்றுதான் எழுத வேண்டும்.

நிதின் பதிவேட்டை விரித்துப் பச்சைப் பேனாவை நீட்டினான். பூபாலன் பக்கத்திலேயே நின்றான். இந்த முறை வேணாம் சார் என்று அவன் சொல்லவில்லை.

தலைவர் எழுதினார்: 'உள்ளது உள்ளபடி இருக்கிறது.' கையெழுத்திட்டார். தேதியும் போட்டார்.

ஆக, விபத்துக்கு யார் காரணம் என்பது தலைவரின் சொந்தக் கையெழுத்தோடு பதிவான ரயில்வே உலகத்திலேயே இது ஒன்றுதான். நல்லவேளையாக, இதில் பயணிகள் கிடையாது.