நாற்பதுக்கு முப்பத்தாறு

துறைக்கு வாங்க மூன்று மென்பொருள்களில் எது தேவலை என்று திங்கட்கிழமைக்குள் சொன்னால்தான் ஆய்வேட்டில் பேராசிரியர் இராமலிங்கத்தின் கையெழுத்து விழும். அருணாதேவியோ வியாழக்கிழமையிலும் முதல் மென்பொருளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைக்கும் நாற்பது பெண்களின் வாழ்க்கைக் கதைகள், ஆளுக்கொரு கேசட். வேலை கெடக்கூடாது என்ற நல்ல மனசில், உடைத்துக்கொண்டே பேசச் சொல்லித்தான் பதிவு செய்திருந்தாள். ஒன்றுபோல் இருக்கும் கதைகளைச் சேர்த்துக் கட்டித் தரவேண்டிய மென்பொருள், நாற்பதில் முப்பத்தாறை ஒரே கட்டாகக் கட்டி, ‘ஒருவரே சொன்னது’ என்றது.

“தமிழ் எழுத்து அதுக்கு ஒத்துக்கல மேடம்,” என்றார் செங்கம் ரோடு பிரவுசிங் சென்டர் முருகவேல். “இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுப் பாருங்க.”

ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கே கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறவர், நம்பாமல் முடியுமா? இரண்டு நாள் விரல் நோக அடித்தாள். இரண்டாவது மென்பொருளும் முப்பத்தாறு என்றது. கூடவே, சொன்னவருக்கு மாமியார்மேல் கோபம் ஜாஸ்தி என்று ஒரு படமும் போட்டுக் காட்டியது.

“மாமியார், மருமக, அடுப்புன்னு திரும்பத் திரும்ப வருதுல்ல? அதான் குழம்புது. அதையெல்லாம் எடுத்துடுங்க,” என்றார் முருகவேல்.

எடுத்தாள். பாதிக் கதை காணாமல் போனது. மிச்சத்தை மூன்றாவது மென்பொருளில் போட்டதும், நாற்பது கதைக்கும் நாற்பது நிறத்தில் கட்டம் வந்தது. அருணாதேவிக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே போன் போட்டாள்.

“நல்லதும்மா, அதையே வாங்கச் சொல்லிடறேன்,” என்றார் பேராசிரியர்.

திங்கட்கிழமை காலை, கேசட்டுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்துகொடுத்த உண்ணாமலையைப் பார்க்க, பால்கோவாவோடு தேரடித் தெருவுக்குப் போனாள்.

“மத்த ரெண்டும் சுத்த மோசம்க்கா. முப்பத்தாறு பேர் பேசினத, ஒரே ஆள் பேசினதுன்னு சாதிக்குது!”

பால்கோவாவைத் தொடப்போன உண்ணாமலை கையை இழுத்துக்கொண்டாள்.

“கோவிச்சுக்காதீங்க மேடம். நாலு கேசட்டுலதான் பேச்சே கேட்டுச்சு. மீதி எல்லாத்துலயும் மல்லாட்ட ஒடைக்கிற சத்தந்தான். நீங்க மனசு ஒடைஞ்சுடுவீங்களேன்னு, எங்க மாமியார் பண்ண கொடுமையத்தான் முப்பத்தாறு வாட்டியும் வேற வேற மாதிரி அடிச்சேன்.”