பன்னிரண்டாவது நினைவுக்கல்

"பதினொண்ணுதான் சார் இருக்கு. மூணு தடவை சுத்திட்டேன்" என்றார் காவலாளி.

பூங்கா மேற்பார்வையாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். 'பன்னிரண்டு நினைவுச் சின்னங்களும் நல்ல நிலையில் உள்ளன' என்று ஒன்பது வருடமாகக் கையெழுத்துப் போட்டு வருகிறவர் அவர். ஒருமுறையும் எண்ணிப் பார்த்ததில்லை. பெரிய பூங்கா, வெயில் வேறு. இப்போது புது இயக்குநர், எல்லாவற்றையும் நேரில் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தார். ஒன்று குறைந்தால் வேலை போய்விடும்.

பதிவேட்டைப் புரட்டினார். பன்னிரண்டாவது வரியில் கரையான் தின்றது போக மிஞ்சியவை, 'குளக்கரை நினைவுக்கல்' என்ற இரண்டே சொற்கள்.

"குளக்கரையில என்னய்யா இருக்கு?"

"வாத்து இருக்கு சார்."

இயக்குநருக்குப் போன் போட்டார். "பன்னிரண்டாவது மட்டும் பராமரிப்புல இருக்கு சார்."

"அப்படியா? அதைத்தான் முதல்ல பாக்கணும்."

ஓடிப்போய்க் குளக்கரையில் நாலு கம்பு நட்டு, நீலத் தார்ப்பாயைச் சுற்றிக் கட்டினார். உள்ளே புல்லைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் மூடி வைத்ததைப் பார்த்ததும் நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நடையை மறந்து நின்றுவிட்டார்கள். "பெரிய சிலையாம்" என்றார் ஒருவர். "தோண்டும்போது கிடைச்சதாம்" என்றார் இன்னொருவர். யாரோ எடுத்த படம் ஊரைச் சுற்றி, இயக்குநரின் கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது.

"ஜனங்களுக்கு இவ்வளவு ஆர்வமா! நாளன்னிக்கு நானே திறந்து வைக்கிறேன். யாரோட நினைவுக்கல் அது?"

"குளம் வெட்டின... தளபதியோடது சார்." வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

"தளபதியா! அப்ப பேச்சு கொஞ்சம் நீளமாவே இருக்கட்டும்."

இனிக் கல் வேண்டும். கருவிக் கொட்டகை வாசலில் படியாகக் கிடந்தது ஒரு கருங்கல் பலகை. தோட்டக்காரர்கள் காலில் ஒட்டிய சேற்றை வழிக்கும் கல். அதைக் கடப்பாரையால் பெயர்த்துக் கல்தச்சரின் பட்டறைக்கு அனுப்பினார்.

சாயங்காலம் கல்தச்சர் கூப்பிட்டார். "ஐயா, கல்லைப் புரட்டிப் போட்டேன். அடிப்பக்கத்துல..."

"எது இருந்தாலும் தேய்ச்சுடுங்க மேஸ்திரி. எனக்குப் பளபளன்னு வேணும். கேள்வி கேக்க நேரமில்ல."

திறப்பு விழாவில் கல் கண்ணாடி மாதிரி மின்னியது. 'இக்குளத்தைத் தன் வாள்முனையால் அளந்து வெட்டுவித்த மாவீரத் தளபதி' என்று ஆழமான எழுத்து. இயக்குநர் நாற்பது நிமிடம் பேசினார். தளபதியின் குதிரை வெள்ளை நிறம் என்றார். அதன் கால் பட்ட இடத்தில்தான் முதல் ஊற்று கிளம்பியது என்றார். கேட்கக் கேட்க மேற்பார்வையாளருக்கே கண் கலங்கிவிட்டது.

"உங்களை மாதிரி ஆளுங்களாலதான் வரலாறு பொழைச்சுக் கிடக்கு" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுக் கிளம்பினார் இயக்குநர்.

கூட்டம் கலைந்தது. கல்தச்சர் மட்டும் கல்லைத் தடவியபடி நின்றிருந்தார்.

"என்ன மேஸ்திரி, வேலை பிரமாதம்! இன்னும் என்ன யோசனை?"

"ஒண்ணுமில்லீங்க. அடியில பன்னெண்டுன்னு நம்பர் போட்டு, குளம் வெட்டும்போது மண்ணு சரிஞ்சு செத்துப்போன ஏழு கூலிக்காரங்க பேரு இருந்துச்சு. தேய்க்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை சத்தமா படிச்சுட்டுத்தான் தேய்ச்சேன்."