கரிக்கு வயதேற்றிய ஒற்றை வரி

“இனிமே இந்த ஆபிஸ்ல எவனாவது மௌச தொட்டா, என் பேரு டாரியஸ் இல்ல!”

இப்படிச் சூளுரைப்பவர்கள் ஒரு தனி இனம், வாசகர்களே. ஒற்றை வரிக்காரர்கள் என்று பெயர். எந்த வேலையைச் சொன்னாலும், “இதுக்கு ஒரு வரி எழுதிவிட்டா தானா ஓடும்லா” என்பார்கள். ஐந்து நிமிட வேலையை ஐந்து நொடியில் முடிப்பதற்காக ஐந்து வாரம் உழைப்பார்கள். கணினியில் கறுப்புச் சன்னலைத் திறந்து கட்டளையைத் தட்டிவிட்டு, வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடுவதை, நற்கருணை ஆராதனையில் முழந்தாளிட்டவர்போல் கண் இமைக்காமல் பார்ப்பார்கள். வேலை முடிந்ததா? அது வேறு விஷயம்.

தங்கா பத்துவிலிருந்து தினமும் மலாக்கா டவுனுக்கு வந்து, ஒரு சின்ன அகழாய்வு அலுவலகத்தின் கணினிகளை மேய்க்கும் டாரியஸ் இந்த இனத்தின் உத்தமப் பிறவி. சூளுரைத்த அன்றே தன் மௌஸைப் பிடுங்கி, வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டியில், கற்கோடரிக்கும் உடைந்த பானைக்கும் நடுவே வைத்து, ‘முற்கால மனிதன் பயன்படுத்திய கருவி’ என்று சீட்டும் ஒட்டிவிட்டார்.

சூளுரைக்குக் காரணம், கரி. அலுவலகத் தலைவி எலைன், கோலா சுங்கை பாருவில் தோண்டியபோது பழைய அடுப்புக்கரி கிடைத்தது. ஆய்வுக்கூடம் அதைச் சோதித்து ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் தரும். அது பச்சை எண், அப்படியே நம்பக்கூடாது. ஒரு மென்பொருளில் இட்டால்தான் உண்மையான வயது வெளிவரும். எலைன் அதை ஒவ்வொன்றாகத் தட்டி, சொடுக்கி, ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடுவார். கூடவே தே தாரிக்கும் குடிப்பார். டாரியஸுக்கு அதைப் பார்க்கவே வயிறு எரியும்.

“அக்கா, ஃபோல்டர்ல உள்ள எல்லாத்தையும் அதுவே எடுத்து, அதுவே கணக்குப் போட்டு, எது மூத்ததோ அத மேல காட்டும். நீங்க சும்மா உக்காருங்க.”

“சனிக்கெழம கண்காட்சி, டாரியஸ். பெர்மிட் குடுக்குற ஆபிசரே வராரு. வயசு தப்பா இருந்துச்சுன்னா அடுத்த வருஷம் நமக்கு அங்க குழி கெடையாது. ஞாபகம் வெச்சுக்க.”

திங்கட்கிழமை கட்டளை ஓடியது. கரியின் வயது ஐயாயிரத்து எழுநூறு. டாரியஸ் பெருமிதத்தோடு பேனர் கடை அப்துல் லத்தீப்புக்குச் சொல்ல, அவரும் அச்சடித்தார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒற்றை வரிக்காரர் எப்போதாவது ஒருமுறையோடு நிறுத்தியதுண்டா? ஓடுகிற அழகைப் பார்க்கவே செவ்வாயன்று மறுபடி ஓடவிட்டார். ஆறாயிரத்து ஐந்நூறு!

“நேத்து மெஷின் சூடாகல பாய். இதான் சரியான நம்பர்.”

“நீ சொன்னா சரி தம்பி. வேற அடிக்கிறேன்.”

புதன்கிழமை ஏழாயிரத்து நானூறு. டாரியஸுக்கு மெய்சிலிர்த்தது. மலாக்காவின் வரலாறே தன் விரல்நுனியில் நீளுகிறதே!

ஸ்பீக்கரில் போட்டிருந்த தொலைபேசியில் லத்தீப் பெருமூச்சு விட்டார். “தம்பி, இந்தக் கரி எங்க மாமியார் மாதிரிலா. ஒவ்வொரு நாளும் ஒரு வயசு சொல்லுது. அவங்களாச்சும் கொறைச்சு சொல்லுவாங்க.”

இது எலைன் காதில் விழுந்துவிட்டது.

“டாரியஸ், அதே கரிதான?”

“அதே கரிதான் அக்கா.”

“ரெண்டு நாள்ல ஆயிரத்து எழுநூறு வருஷம் எப்படிக் கெழடாச்சு?”

“டெக்னாலஜி அக்கா. உள்ள போகப் போக...”

“வர்ற விடைய எங்க சேவ் பண்ற?”

“அதே ஃபோல்டர்லதான்.”

சொல்லி முடிப்பதற்குள் டாரியஸின் முகம் கரியைவிடக் கறுத்தது. ஃபோல்டரில் இருப்பதையெல்லாம் எடுக்கச் சொன்ன அந்த ஒற்றை வரி, திங்கட்கிழமை விடையையும் பச்சை எண் என்று நினைத்து செவ்வாயன்று விழுங்கியிருந்தது. செவ்வாய் விடையைப் புதனன்று விழுங்கியிருந்தது. வடித்த சோற்றை நாள்தோறும் மறுபடி உலையில் போட்டுவிட்டு, “ஆஹா, அரிசி என்னமாய்ப் பெருகுகிறது!” என்று பூரித்தால் எப்படி?

“அலாமாக்...” என்றார் டாரியஸ், மெல்லிய குரலில்.

“ஒண்ணொண்ணா போடு. கையால. மத்தியானத்துக்குள்ள எனக்கு வேணும்.”

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் பிறந்தநாள் வாழ்த்து தானாகப் போகும்படி கைப்பேசியில் ஏற்பாடு செய்துவிட்டு, போன மாதம் காலமான சித்தப்பாவுக்கு ‘நூறாண்டு வாழ்க’ என்று அனுப்பியது யார்? நான் கேட்கவில்லை ஐயா. உங்கள் சித்திதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மத்தியானம் விடை வந்தது: ஐயாயிரத்து எழுநூறு. திங்கட்கிழமை எண்ணேதான்.

“மொத பேனரா? மழைக்கு என் மோட்டார் சைக்கிள மூடி வெச்சிருக்கேன்லா,” என்றார் லத்தீப். “தொடச்சித் தரேன்.”

சனிக்கிழமை அந்த பேனர்தான் கண்காட்சியில் தொங்கியது, ஒரு மூலையில் டயர்ச் சேற்றோடு. அதிகாரி சேற்றைப் பார்த்தார், எண்ணையும் பார்த்தார், எலைனிடம் தலையாட்டினார். அடுத்த வருடத்துக் குழி பிழைத்தது.

அலுவலகக் கண்ணாடிப் பெட்டியில் கற்கோடரி இருக்கிறது, உடைந்த பானை இருக்கிறது. நடுவில் ‘முற்கால மனிதன் பயன்படுத்திய கருவி’ என்ற சீட்டு மட்டும் தனியாக இருக்கிறது.