ஆமைக்குப் பனைமதில் திறந்த படலம்

கள்ளிக்காட்டின் காவலியே, கந்தலான ஓலைத் தொப்பியை மணிமுடியாகச் சூடியவளே, முள் தைத்த பாதங்களால் கல்வராயன் அடிவாரத்தை அளந்தவளே, வெயிலே வியர்த்து ஒதுங்கும் வீராங்கனையே, ரெஜினாவே, நீ வாழி! உன் போரைப் பாடப் புகுந்த இந்த எளிய எழுத்து இடையில் தளராதிருக்க, பெட்டிக்கடைச் சுக்குக் காப்பி துணை நிற்கட்டும்!

மண் இளகும் புரட்டாசி தோறும், வறண்ட கரடுகளில் வாழ்ந்து வருடத்துக்கு வருடம் அருகிவரும் நட்சத்திர ஆமைகளைக் கண்காணிக்க ஆராய்ச்சிக்காரர்கள் அவளை வேலைக்கு அமர்த்துவார்கள். இம்முறை அவளுக்கு இட்ட ஆணை இதுதான். முதுகில் வெள்ளைப் புள்ளி வைத்த தாய் ஆமையை, அது முட்டையிடும் வரை நிழல்போல் தொடர வேண்டும். இட்ட இடத்தைச் சுற்றி முள்வேலி கட்ட வேண்டும். முட்டை சுமக்கும் ஆமையைக் கையால் தொடவே கூடாது. தொட்டால் மிரண்டு முட்டையிடாமல் அலையும். முட்டையிடும் இடத்தைக் கோட்டைவிட்டால் அடுத்த பருவத்துக்கு வேறொருத்தி வருவாள்.

அந்த ஆண்டோ, இட ஒதுக்கீடு கேட்டு ஊர்கள் தோறும் சாலை மறித்த ஆண்டு. சின்னசேலம் சாலையில், போராட்டத் தளபதி ஆதிமூலத்தின் வீட்டெதிரே, ஒரு நெடும்பனை குறுக்கே சாய்க்கப்பட்டுக் கிடந்தது. அதன் ஓலைக்கொண்டை கரட்டோரப் பள்ளத்தை அடைத்தது; அடிமரமோ தளபதியின் வாசற்படியைத் தொட்டது. ஜீப்புகள் வந்து உறுமித் திரும்பின. லாரிகள் வந்து அழுது ஓய்ந்தன. ஆல்பர்ட் என்னும் ஓட்டுநர் தன் பஸ்ஸை நிறுத்திவிட்டு, இன்ஜின் மேல் கால்நீட்டித் துறவியானார்.

அப்போதுதான், ஆயிரம் விண்மீன்களை முதுகில் சுமந்து, கவசமே உடலாய், நிதானமே படையாய், நிலக்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லையிலிருந்து சாலையேறி வந்தது தாய் ஆமை! மறுபுறத்துக் கரட்டுக்குக் கோணலாய்ப் போகும் வழியில் அது பனையை முட்டியது. நின்றது. தலையை நீட்டிப் பனையின் நீளத்தை நோக்கியது. கொண்டைப் பக்கம் ஓலைக் காடு. ஆகவே, மதிலோரமாய் ஊர்ந்து வாயில் தேடும் பெருவேந்தனைப் போல, அடிமரத்தை நோக்கி நடக்கலாயிற்று.

பத்தடி பின்னால் வந்த ரெஜினா, தளபதியின் முன் சென்று முழங்கினாள்.

"அண்ணே, மரத்த கொஞ்சம் உருட்டி வுடுங்கண்ணே. அது அந்தாண்ட போவணும்."

ஆதிமூலம் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஆபீசர் ஜீப்புக்கே வழியில்லன்னுட்டோம். ஆமைக்கு வழியா? மறியல்னா மறியல்தாம்மா."

போராட்டக்காரர்கள் ஆரவாரித்தனர். ஆனால் அந்த ஆரவாரத்தைக் கிழித்துக்கொண்டு எழுந்தது ஒரு குரல். வீட்டு வாசலில், கையில் துடைப்பத்தோடு, தளபதியின் மனைவி கொளஞ்சியம்மாள்!

"யோவ், கண்ணு இன்னா அவிஞ்சி போச்சா? அது நம்ம வூட்டுக்குத்தான்யா வந்துக்கினு இருக்கு!"

தளபதி திரும்பினார். பனை காட்டிய வழி நேரே தம் வாசற்படியில் முடிவதைக் கண்டார். அந்தோ! எந்த ஜீப்புக்கும் அஞ்சாத அந்த மார்பு படபடத்தது. வீட்டுக்குள் ஆமை புகுந்தால் குடும்பம் விளங்காது என்று அஞ்சும் ஊர் அல்லவா அது!

"தூக்கினு போம்மா, சீக்கிரம்!"

"முட்ட வெச்சிருக்குதுண்ணே. நான் தொட்டா எனக்கு வேல போய்டும். நீங்க வேணா தூக்குங்க."

"நானா!" என்று தளபதி மூன்றடி பின்வாங்க, அவர் படை ஐந்தடி பின்வாங்கியது. தொட யாருமில்லை. ஆமையோ படியை நெருங்கிவிட்டது.

"உள்ள மட்டும் வந்துச்சு, நான் எங்கம்மா வூட்டுக்குப் போய்டுவேன். நீ இந்த மரத்தோடயே குடும்பம் நடத்து!" என்று இறுதிப் பிரகடனம் செய்தாள் கொளஞ்சியம்மாள்.

எழுந்தன கடப்பாரைகள்! புடைத்தன தோள்கள்! ஏலேலோ என்ற ஓசை விண்ணை இடிக்க, அசையாப் பனை அசைந்தது, உருண்டது, ஒதுங்கியது. திறந்த வழியை ஆமை ஓரக்கண்ணால் பார்த்தது, பெருமூச்சொன்று விட்டது, திரும்பியது. இடைவெளி கண்ட ஆல்பர்ட் துறவு கலைந்து இன்ஜினை முடுக்க, பஸ் முன்னேற, ரெஜினா ஆமைக்கு முன்னால் பாய்ந்து இரு கைகளையும் விரித்து நின்றாள். மறுகணம் படை முழுவதும் அவளருகே சாலையில் அமர்ந்தது. அன்றைய மறியல்களுள் அதுவே உச்சம்.

"அதுக்கு மட்டும் வுடறீங்க, எனக்கும் வுடுங்கண்ணே," என்று கெஞ்சினார் ஆல்பர்ட்.

"நீ இன்னா ஆமையா?" என்றார் ஆதிமூலம்.

ஆமை கடந்தது. பனை மீண்டும் பழைய இடத்துக்கு உருண்டது. கரட்டில் ஒரு சப்பாத்திக்கள்ளியின் அடியில், பின்னங்கால்களால் மண்ணைப் பறித்து, தன் குலத்தின் நாளையை ஒவ்வொன்றாக அது இறக்கிவைத்தது. மூச்சடக்கிப் பார்த்திருந்த ரெஜினா, ஆமை அகன்றதும் முள் வெட்டி வேலி கட்டினாள். விண்ணோர் பூமாரி பொழிந்திருக்கக்கூடும்! கல்வராயன் சிகரங்கள் தலைவணங்கியிருக்கக்கூடும்! படைகளால் திறவாத மதிலைத் திறப்பித்த மங்கை, அடுத்த பருவத்தையும் வென்ற வேலைக்காரி, கைக்கீறல்களே விருதாக, அந்திச் செவ்வானமே கொடியாக, வெற்றிநடை போட்டுச் சாலைக்கு வந்தாள்.

பஸ் ஓடாததால் நடந்தே வீட்டுக்குப் போனாள்.