எங்கள் கூரைமேல் பெய்யாத மழை

மதிப்பிற்குரிய அண்ணன் அருட்தந்தை தமிழ்மணி அவர்களுக்கு,

திண்டிவனத்துக்குப் பக்கத்திலிருந்து தம்பி தென்னரசு வணக்கத்துடன் எழுதுவது. விழுப்புரத்தில் தங்கள் உடம்பும், பங்கு மக்களும், தாங்கள் வளர்க்கும் வான்கோழிகளும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம்தான், கிணற்றைத் தவிர.

போனில் சொன்னால் குடித்திருக்கிறேன் என்பீர்கள். அதனால் எழுதுகிறேன். மகள் இசைவாணி கல்யாணத்தன்று புயல் வருமென்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நானோ வாசலில் பந்தல் போட்டு, பிரியாணிக்கு ஆளும் சொல்லிவிட்டேன். பெண்ணைப் பெற்றவன் வேறு என்ன செய்வான்? மாதா படத்தின் முன் முட்டி போட்டு, "ஆண்டவரே, என் வூட்டு மேல ஒரு சொட்டு வுழக்கூடாது" என்று கேட்டேன். விழவில்லை. கடவுளின் கருணை என்று தாங்களும் போனில் சந்தோஷப்பட்டீர்கள். ஆனால் எங்கள் பங்கு மழையும் சேர்ந்து, வேலிக்கு அந்தப் பக்கம் பயிர் வைக்கும் வேங்கடேசன் கொல்லையில் குடத்தைக் கவிழ்த்த மாதிரி ஊற்றியது. பிடுங்கிப் போட்டிருந்த மல்லாட்டை, ஒரு போகத்து வேர்க்கடலை, முழுக்க அழுகிப்போனது. மறுநாள் அவர் வேலியோரம் வந்து, "இன்னா தென்னரசு, உங்க சாமி வேலி பாத்துதான் மழ பெய்ய வுடுமா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை அண்ணா. அன்றிலிருந்து எங்கள் வீட்டின்மேல் மழையே இல்லை. தெருவில் முழங்கால் தண்ணீர் ஓடும்போது எங்கள் வாசலில் புழுதி பறக்கிறது. சுற்றிலும் சத்தம் மட்டும் கேட்கிறது, யாரோ வீட்டைச் சுற்றி வருவதுபோல. முருங்கை பட்டுவிட்டது. கிணற்றிலிருந்த தவளைகள்கூட வேங்கடேசன் கிணற்றுக்குக் குடிபோய்விட்டன. போன வாரம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கொட்டும் மழையில் இறங்கினேன், சட்டை நனையவில்லை. ஒரு குழந்தை என்னைப் பார்த்துவிட்டு அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. டீக்கடைக்காரர் கிளாஸைக் கையில் தராமல் பலகைமேல் வைத்துவிட்டு நகர்ந்தார். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரி ஆரோக்கியசெல்வி என் தலையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். அது நனைத்தது. மழைக்குத்தான் நான் ஆகவில்லை. "இன்னிக்கி மட்டும்னு ஒரு வார்த்த சேத்துக் கேட்டிருக்கக் கூடாதா?" என்கிறாள். கேட்டவன் முட்டாள் என்றே இருக்கட்டும், கொடுத்தவருக்குத் தெரிய வேண்டாமா?

கடவுளால் ஆகாதது இல்லை, ஆனாலும் தாம் வைத்த சட்டத்தைத் தாமே மீறமாட்டார் என்று தாங்கள் பிரசங்கத்தில் சொன்னீர்கள். மழை கீழே விழ வேண்டும் என்பது யார் வைத்த சட்டம்? எனக்காக அதை மீறினாரே. சரி, மீறியவர் ஒருத்தன் பந்தலைக் காப்பாற்ற இன்னொருத்தன் பிழைப்பில் ஊற்றலாமா? வானத்துச் சட்டத்தை மீறுகிறவர் நியாயத்தையும் மீறுவாரோ என்று நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒருவேளை கொடுத்த வாக்குக்குக் கட்டுப்பட்டு, அவரே விடுபடத் தெரியாமல் தவிக்கிறாரோ என்னவோ. தாங்கள் தயவுசெய்து ஒரு பூசை வைத்து, தென்னரசு கேட்டதை ரத்து செய்யும்படி மன்றாட வேண்டும். தங்கள் குரல் அவருக்குப் பழகிய குரல்.

ஆரோக்கியசெல்வி தங்கள் ஆசீரைக் கேட்கிறாள். வான்கோழிகளுக்கும் என் அன்பு.

தங்கள் பணிவுள்ள தம்பி,
தென்னரசு

பி.கு.: பூசை வேண்டாம் அண்ணா. கடிதத்தை மடிக்கும்போதே பெருமழை பிடித்துக்கொண்டது, வழக்கம்போல எங்கள் கூரையை மட்டும் விட்டுவிட்டு. வேங்கடேசன் விதைக்கு வைத்திருந்த மல்லாட்டை மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, "உள்ள வெச்சிக்கட்டுமா?" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் எங்கள் வீட்டுக்குள் கால் வைத்தது இப்போதுதான். ஆரோக்கியசெல்வி கொடுத்த டீயையும் குடித்தார். ஆண்டவர் இதற்குத்தான் செய்தாரா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மழையில் இறங்கினார். பாதி வழியில் நின்று, நனையாத சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மெதுவாக எங்கள் பக்கம் திரும்பினார். அவர் நாற்று நட்டு முடித்தது நேற்றுதான்.