'மழைக்கு முன்' எத்தனை பிரதி?

சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் பெரிய அறிவாளிதான். ஆனால் ஒரு தவறு செய்துவிட்டான். அதைப் பார்த்து இன்னொருவன் இன்னொரு சக்கரம் செய்வதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான். அன்றைக்கே ஒரு பதிப்புக் குழு இருந்திருந்தால் உலகத்தில் மொத்தம் மூன்றே சக்கரங்கள்தான் இருந்திருக்கும். மற்றவர்கள் நடந்து போயிருப்பார்கள். சக்கரத்தின் மதிப்பும் எங்கேயோ போயிருக்கும்.

அந்தத் தவறு இனி நடக்கக் கூடாது என்றுதான் எங்கள் கலைக்கூடத்தில் 'எண்ணிமக் கலைப் பதிப்பு வரையறைக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர், பொருளாளர், ஒரு வழக்கறிஞர், ஒரு கவிஞர், செயலாளராக நான் என்று மொத்தம் ஐந்து பேர். தேநீர் சொல்வதும் தீர்மானம் எழுதுவதும் என் பொறுப்பு. தேநீரில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

கலைக்கூடம் முதன்முதலாக இணையத்தில் ஒரு கண்காட்சி நடத்தப்போகிறது. கணினியில் வரைந்த படத்தை யார் வேண்டுமானாலும் ஒரு தட்டுத் தட்டி நகல் எடுத்துவிடலாம். அசலுக்கும் நகலுக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்காது. இந்த அவமானத்திலிருந்து கலையைக் காப்பாற்ற, ஒவ்வொரு படத்துக்கும் இத்தனை பிரதிதான் என்று எண் போட்டு, சான்றிதழ் கொடுத்து, அதற்கு மேல் ஒன்றுகூட இல்லாமல் செய்வது எங்கள் புனிதக் கடமை. முதலில் எங்கள் கைக்கு வந்தது 'மழைக்கு முன்' என்ற அசையும் ஓவியம். நான்கு நிமிடம் ஓடக்கூடியது.

அதை வரைந்த பெண் பகலில் மருந்துக் கம்பெனி ஒன்றுக்கு அட்டைப்பெட்டி வடிவமைப்பவர். வேலை விட்டு வந்து, சமையலறை மேசையில் ஓர் ஓரத்தை ஒழித்துக்கொண்டு, ஒவ்வொரு அசைவாக இரண்டு வருடம் வரைந்திருக்கிறார். இதைத் தவிர அவருக்கு வேறு படம் இல்லை. மற்ற கலைக்கூடங்கள் எல்லாம் கைவிரித்துவிட்டதால் எங்களைத்தான் நம்பியிருந்தார்.

"உங்க விருப்பம் என்னம்மா? எத்தனை பிரதி?" என்று முதல் கூட்டத்தில் தலைவர் கேட்டார்.

"எத்தனை வேணா இருக்கட்டும் சார். நாலு பேர் பாத்தா போதும்."

வழக்கறிஞர் பேனாவைத் திறந்தார். "நாலுன்னு பதிவு பண்ணிக்கலாமா?"

"ஐயோ, அப்படி இல்ல சார். எல்லாரும் பாக்கட்டும்னு சொன்னேன்."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாரும் பாக்கறதுக்குப் பேர் கண்காட்சி இல்லம்மா. சுவரொட்டி."

பிறகு விவாதம் சூடு பிடித்தது. ஒரே பிரதிதான் இருக்க வேண்டும், அதையும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க வேண்டும், மற்றவர்கள் இணையத்திலேயே வரிசையில் நிற்க வேண்டும் என்றார் கவிஞர். பொருளாளர் பத்து என்றார். ஏன் என்று கேட்டதும் ஏழு என்றார். வரைந்தவருக்கென்று தனியாக ஒரு பிரதி ஒதுக்குவது உலக வழக்கம் என்று நான் மெல்ல எடுத்துச் சொன்னேன். படத்தோடு நெருங்கிய தொடர்புள்ள ஒருவருக்கே பிரதி கொடுப்பது 'பாரபட்சம்' ஆகிவிடும் என்று வழக்கறிஞர் அதைத் தடுத்தார். கடைசியில் மூன்று என்று முடிவானது. யாரும் கேட்காத எண் என்பதால் யாருக்கும் வருத்தமில்லை.

ஆனால் தலைவருக்குத் திருப்தி இல்லை. அவர் இளமையில் செம்புத் தகட்டில் கீறி, மை பூசி, படம் அச்சிட்டவர். வேண்டிய பிரதிகளை அச்சிட்டதும் தகட்டின் குறுக்கே ஆழமாக ஒரு கோடு கிழித்துவிடுவது அந்தத் தொழிலின் வழக்கம். அதற்குப் பிறகு யாரும் திருட்டுத்தனமாக அச்சிட முடியாது.

"அசல் இருக்கறவரைக்கும் மூணுங்கறது வெறும் பேச்சு. அசலை அழிக்கணும். அதையும் விழாவா செய்யணும்" என்றார்.

'அசல் நீக்க விழா' அப்படித்தான் பிறந்தது. சிறப்பு விருந்தினருக்குத் திங்கட்கிழமைதான் ஓய்வு. பிரதி எடுக்க வேண்டிய கணினிக்காரருக்கோ புதன்கிழமைதான் ஓய்வு. இரண்டு பேரின் வசதியையும் மதித்து இரண்டு தேதிகளையும் குழு ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. எது முதலில் என்பது வெறும் நிர்வாக விஷயம்.

விழாவன்று ஓவியர் தன் கணினியையும், படத்தைச் சேமித்து வைத்திருந்த சின்னப் பெட்டியையும் கொண்டுவந்தார். இணையத்தில் அவர் வைத்திருந்த கணக்கும் திறக்கப்பட்டது. விருந்தினர் விரலை நீட்டியபோது ஓவியர் தயங்கினார்.

"சார், பிரதி எடுத்தாச்சுல்ல?"

"நீங்க அனுப்பினது எங்ககிட்ட இரும்பு அலமாரில பத்திரமா இருக்கும்மா" என்றார் தலைவர்.

விருந்தினர் ஒவ்வொரு இடத்திலும் 'அழி' என்பதை அழுத்தினார். ஒவ்வொரு தடவையும் கைதட்டினோம். ஓவியரும் தட்டினார், கொஞ்சம் தாமதமாக.

புதன்கிழமை கணினிக்காரர் வந்தார். நான் அலமாரியைத் திறந்து, முத்திரையிட்ட உறையைக் கம்பீரமாக நீட்டினேன். உள்ளே ஓவியர் அனுப்பிய மின்னஞ்சல், நல்ல தாளில் அச்செடுக்கப்பட்டு இருந்தது.

"இதுல லிங்க் மட்டும்தானே இருக்கு? படம் எங்க?"

"அந்த லிங்க்குலதான்" என்றேன்.

"லிங்க் அவங்க கணக்குக்குல்ல போகுது?"

"ஆமாம்."

"அதைத்தானே திங்கட்கிழமை கைதட்டி அழிச்சீங்க?"

இத்தகைய நெருக்கடியில் சாதாரணக் குழுவாக இருந்தால் இடிந்துபோயிருக்கும். எங்கள் வழக்கறிஞர் எழுந்து நின்றார். "மூணு பிரதி உள்ள படம் ஊருக்கு ஆயிரம் இருக்கு. ஒரு பிரதிகூட இல்லாத படம் நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு!"

'பூஜ்யப் பதிப்பு' என்ற புதுமை அந்த நிமிடம் உதயமாயிற்று. படத்துக்குப் பதிலாகக் கறுப்புத் திரையும், அதன் கீழே கவிஞரின் விளக்கவுரையும் வைப்பதாகத் தீர்மானம். ஓவியரை வரவழைத்துச் சொன்னோம். அவர் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, "ரெண்டு வருஷம் சார்" என்றார். கூட்டக் குறிப்பில் 'ஓவியர் நெகிழ்ந்தார்' என்று எழுதினேன்.

தொடக்க நாளில் கலைக்கூடத்துக் கூடத்திலும் ஒரு பெரிய திரை வைத்திருந்தோம். கறுப்பைப் பார்த்த பலர் "ஆழம், ஆழம்" என்றார்கள். ஓவியர் தன் மாமியாரை அழைத்துவந்திருந்தார். வேறு ஊரில் மூத்த மகன் வீட்டில் இருப்பவர்; அன்று காலைதான் வந்து இறங்கியிருந்தார். திரையை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னடி, கரண்ட் இல்லையா?"

ஓவியர் நடந்ததைச் சொல்லும்போதே குரல் உடைந்தது. மாமியார் கைப்பையைத் துழாவிப் போனை எடுத்தார்.

"இதுக்கா அழறே? படம் முடிஞ்ச அன்னைக்கு எனக்கு அனுப்பினியே, மறந்துட்டியா? நான் என் தங்கச்சிக்கு அனுப்பினேன். அவ சம்பந்திக்கு அனுப்பினா. நேத்து எங்க பல் டாக்டரே என்கிட்ட காட்டி, இது நீங்கதானேன்னு கேக்கறாரு."

படம் ஓடியது. குழு உறுப்பினர்கள் நாங்கள் ஐந்து பேரும் முறையாகக் கூரையைப் பார்த்தோம். கைமாறிக் கைமாறி மங்கிப்போயிருந்ததாம். ஓவியர் பார்த்துப் பார்த்துப் போட்ட மழை வெறும் புள்ளிகளாக இருந்ததாம். ஆனாலும் ஓடியது. அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

வழக்கறிஞர் முன்னால் வந்தார். "அம்மா, இது அனுமதி இல்லாத பிரதி. உடனே அழிக்கணும்."

"எதுலேருந்து? என் போன்லயா, என் தங்கச்சி போன்லயா, பல் டாக்டர் போன்லயா?"

நிலைமையைச் சமாளிக்கக் கவிஞர் தன் விளக்கவுரையை உரக்க வாசித்தார். "வறண்ட நிலத்தில் வானம் பார்க்கும் உழவனின் விரிசல் விழுந்த ஆன்மா..."

"உழவனா?" என்றார் மாமியார். "நான் மொட்டைமாடில துணி எடுக்கறதுதானே தம்பி படம்? கடைசில கொடியில ஒரு பச்சைத் துண்டு மிச்சம் இருக்குமே, அது என்ன ஆச்சு, சொல்லுங்க?"

கவிஞர் தலைவரைப் பார்த்தார். தலைவர் வழக்கறிஞரைப் பார்த்தார். வழக்கறிஞர் பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் என்னைப் பார்த்தார். நான் கூட்டக் குறிப்பைப் புரட்டினேன். துண்டு பற்றித் தீர்மானம் எதுவும் இல்லை.

"ஒருத்தர்கூடத் திறந்து பாக்கலையா சார்?" என்று ஓவியர் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

பார்த்திருந்தால் பிடித்துப்போயிருக்கும். பிடித்துப்போயிருந்தால் எங்கள் நடுநிலை கெட்டிருக்கும். இதையெல்லாம் அவருக்கு விளக்காமல், தேநீர் சொல்லப் போனேன்.

அதற்குப் பிறகும் படம் போன் போனாகப் போய்க்கொண்டேதான் இருக்கிறது. விசாரித்த வரையில், இன்னும் பார்க்காதவர்கள் என்று எஞ்சியிருப்பது குழுவின் ஐந்து உறுப்பினர்கள் மட்டுமே. எண் போட்டுச் சான்றிதழ் கொடுக்கும் அளவுக்கு நாங்கள் அரிதாகிவிட்டோம். எங்களுக்கு வேறு பிரதிகள் எங்கும் இல்லையென்றால், அது கலை செய்த புண்ணியம்.